மோட்டார் சைக்கிளும் முந்தானையும்

வரதராஜன்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பிள்ளைக்குப் பர்மிங்ஹாமில் உத்தியோகமாம். வருகிற ஏப்ரலில் தம்பதிகள் இருவரும் அங்கே போகிறார்கள். ஸ்டாஃபோர்டு என்ற ஊரில் நடக்கும் பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சிக்குப் போயே ஆகவேண்டும் என்று அப்பாவும் பிள்ளையும் ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். "அந்த இரும்புச் சாமான்களில் எனக்குப் பார்க்க என்ன இருக்கிறது? சமையலைக் கவனித்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

கூடவே கூடாது, அம்மா! அடுப்புக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா? அவசியம் போய் வாருங்கள்.

அங்கே டிரையம்ப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் என்று வரிசையாக நிற்கும். நார்ட்டன் வண்டியைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். பீட்ரிஸ் ஷில்லிங் என்ற ஆங்கிலப் பெண்மணி, 1934-ல் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் நார்ட்டன் வண்டியை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரச் சின்னம் பெற்றார். படித்த இஞ்சினீயர். இரண்டாவது உலக யுத்தத்தில், போர் விமானங்கள் திடீரென்று மூக்கைக் கவிழ்த்துப் பாயும்போது இஞ்சின் திணறி நின்றுபோகும். ஒரு சின்ன உலோகத் தகட்டைப் பொருத்தி அந்தக் கோளாறை அடக்கியவரும் இவர்தான்.

அடுத்து ராயல் என்ஃபீல்டு. இது நம் வீட்டு மருமகள் மாதிரி. பிறந்த வீடு பர்மிங்ஹாமுக்குத் தெற்கே உள்ள ரெடிச். 1955-ல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸாருடன் சம்பந்தம் ஏற்பட்டு, திருவொற்றியூர் புகுந்த வீடாயிற்று. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாம் இங்கேயே தயாராயிற்று. இங்கிலாந்தில் 1970-ல் உற்பத்தி நின்றுபோனது. நம் 'புல்லட்' நிற்கவில்லை. 1977-ல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. பிறந்த வீட்டுக்கே சீர் அனுப்பிய பெண் அல்லவா!

இனி, ஆண்கள் உங்களுக்குக் காட்டாத ஓர் இடத்தைச் சொல்கிறேன். அந்தப் பழைய ஆங்கில வண்டிகளில் பின்சக்கரத்தின் இடதுபக்கத்தைக் கவனியுங்கள். அநேகமாகச் செயின் ஓடுகிற பக்கம் அது. ஆனால் நம் ஊர் வண்டிகளில் இருக்கும் 'சாரி கார்டு' அங்கே இராது. அந்நாட்டுப் பெண்கள் இருபுறமும் கால் போட்டு உட்காருவார்கள். இல்லாவிட்டால் 'சைட்கார்' இருக்கும். நாமோ புடவையைக் கட்டிக்கொண்டு, இடப்பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு உட்காருகிறவர்கள். முந்தானை ஸ்போக்ஸ் கம்பியில் சிக்கினால் ஒரு நொடியில் ஆளையே இழுத்துத் தள்ளிவிடும். உயிர் போனதும் உண்டு.

அதனால்தான் நம் நாட்டில் அந்தத் தடுப்பு வந்தது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்கப் படி, உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்கின்றன. சாதாரணக் கம்பி என்று நினைக்கிறோமே, அது நமக்காகவே வைத்த காவல்.

கண்காட்சிக்குப் போகும்போது கனமான ஸ்வெட்டரும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள்; ஏப்ரலிலும் அங்கே குளிர்தான். சொந்தக்காரரைக் கேட்காமல் எந்த வண்டியையும் தொடவேண்டாம். பழைய உதிரி பாகங்களும் அங்கே விலைக்கு வரும். ஆகையால் வீட்டுக்காரரின் பர்ஸ் உங்கள் கைப்பையில் இருப்பது உத்தமம்!

மற்ற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. வண்டி அழகாக இருக்கவேண்டும் என்று சில பிள்ளைகள் சாரி கார்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டு வண்டியை இன்றே போய்ப் பாருங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், தாவணிக்கும் துப்பட்டாவுக்கும் ஊக்குக் குத்துங்கள், தலைக்கவசத்தை மறக்காதீர்கள். கார்டு இல்லையென்றால், அதைப் பூட்டிய பிறகுதான் பின்னால் ஏறுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.