கரையோரமாகச் செல்லும் ஒளியிழை வீடுகளை எட்டுமா?

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி அமைக்கப்பட்ட புகையிரதப் பாதை 1916ஆம் ஆண்டில் சிலாபத்தையும் 1926ஆம் ஆண்டில் புத்தளத்தையும் எட்டியது. பயணிகள் புகையிரதம் அத்துடன் நின்றுவிட்டது. களப்புக்கு அப்பால் கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் மக்கள் இன்றும் புகையிரதம் ஏறுவதற்குப் புத்தளத்துக்கோ பாலாவிக்கோ வரவேண்டியுள்ளது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னர், ஒளியிழை எனும் புதிய பாதை நாடெங்கும் விரிக்கப்படுகின்றது. அதுவும் பழைய பாதையைப் போன்று நகரத்துடன் நின்றுவிடுமா என்பதே புத்தளம் மாவட்டக் கரையோர மக்கள் முன்னுள்ள கேள்வியாகும்.

அரச திணைக்களமாக இருந்த தொலைத்தொடர்புச் சேவை 1991ஆம் ஆண்டில் கூட்டுத்தாபனமாகவும் 1996ஆம் ஆண்டில் கம்பனியாகவும் மாற்றப்பட்டது. மறு ஆண்டு அதன் 35 சதவீதப் பங்குகள் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தில் இன்று அரசாங்கத்தின் பங்கு 49.5 சதவீதமாகும். கடந்த தசாப்தத்தில் 'ஐ-ஸ்ரீலங்கா' எனும் பெயரில் செப்புக் கம்பிகளுக்குப் பதிலாக ஒளியிழைகளைப் பதிக்கும் பணியையும், நாட்டின் பிரதான நகரங்களை இணைக்கும் தேசிய முதுகெலும்பு வலையமைப்பை அமைக்கும் பணியையும் இந்நிறுவனம் முன்னெடுத்தது. இவை பாராட்டப்பட வேண்டிய பணிகள் என்பதில் ஐயமில்லை.

எனினும், முதுகெலும்பு வேறு, வீட்டு வாசலுக்கு வரும் இணைப்பு வேறு என்பதை வாசகர்கள் கவனத்திற்கொள்ள வேண்டும். முதுகெலும்பு வலையமைப்பு பரிமாற்று நிலையங்களை ஒன்றுடனொன்று இணைக்கின்றது. அங்கிருந்து வீதி வீதியாக, கம்பம் கம்பமாக இழை கொண்டு செல்லப்பட்டாலன்றி அதனால் ஒரு மீனவக் குடும்பத்துக்கோ ஒரு பாடசாலைக்கோ பயன் கிட்டப்போவதில்லை. ஊரின் ஓரமாக உயரழுத்த மின்கம்பி செல்வதனால் அவ்வூர் வீடுகளில் விளக்கு எரிந்துவிடுவதில்லை அல்லவா?

இந்த உவமை புத்தளம் மக்களுக்குப் புதியதன்று. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதலாவது அலகு 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட் கொள்ளளவைக் கொண்டுள்ள அந்நிலையம், நாட்டின் மின்சாரத் தேவையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைப் பல ஆண்டுகளில் நிறைவு செய்துள்ளது. நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் சகித்துக்கொண்டு நாட்டுக்கு ஒளி வழங்கும் குடாநாடு அது. உப்பும் கருவாடும் சின்ன வெங்காயமும் இப்பிரதேசத்திலிருந்தே சந்தைகளுக்குச் செல்கின்றன. கொடுப்பதில் முன்வரிசையில் நிற்கும் பிரதேசம், பெறுவதில் மட்டும் கடைசி வரிசையில் நிற்க வேண்டும் என்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

தொழில்நுட்ப ரீதியாகவும் கரையோரத்துக்கு ஒளியிழையே உகந்தது. உப்புக் காற்றில் செப்புக் கம்பி அரிக்கப்படுகின்றது. கண்ணாடி இழையோ அவ்வாறு அரிக்கப்படுவதில்லை. செப்புக் கம்பியில் பரிமாற்று நிலையத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரம் சென்றதும் இணைய வேகம் வீழ்ந்துவிடும். ஒளியிழையில் 20 கிலோமீற்றர் வரையிலும், இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவுமின்றி, சேவை வழங்க முடியும். குடியிருப்புகள் நீண்டு கிடக்கும் ஒரு குடாநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை.

'கையடக்கத் தொலைபேசியில் நான்காம் தலைமுறைச் சேவை இருக்கின்றதே, அது போதாதா?' என்று சிலர் கேட்கின்றனர். இதற்கான விடையை 2020, 2021ஆம் ஆண்டுகளே தந்துவிட்டன. கொரோனாப் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பதுளை மாவட்டத்தின் பின்தங்கிய கிராமமொன்றில் மாணவர்கள் சமிக்ஞை தேடிக் காட்டுக்குள் பாறைமீது ஏறிய செய்தி உலக ஊடகங்களில் இடம்பிடித்தது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும்போது வேகம் குறைவது தவிர்க்க முடியாதது. அளவிட்டு விற்கப்படும் தரவு தீர்ந்ததும் பிள்ளையின் பாடமும் நின்றுவிடுகின்றது. இன்று பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம் இணையம் வழியாகவே கோரப்படுகின்றது. அரச கொடுப்பனவுகளுக்கான 'கவ்பே' முறைமை 2025 பெப்ரவரியில் ஆரம்பிக்கப்பட்டது. டிஜிட்டல் அடையாள அட்டை பற்றியும் பேசப்படுகின்றது. இணைப்பற்றவர் அரசிடமிருந்தே தூரமாக்கப்படும் காலம் வந்துவிட்டது.

இங்கு இன்னுமொரு விடயத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். அவர்களை வரவேற்று இடமளித்த மக்கள், இருந்த பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் கிணறுகளையும் பகிர்ந்துகொண்டனர். ஆனால், நீண்டகாலமாக அம்மக்களுள் பலரின் வாக்காளர் பதிவு ஓரிடத்திலும் வாழ்க்கை வேறோரிடத்திலுமாக இருந்தது. அதனால் இம்மாவட்டத்துக்கான வள ஒதுக்கீடு உண்மையான சனத்தொகைக்கு ஈடாக அமையவில்லை எனும் முறைப்பாடு பல தடவைகள் எழுப்பப்பட்டுள்ளது. ஒளியிழைக்கான கேள்வியை மதிப்பிடும்போதும் அதே தவறு நிகழ்ந்துவிடக் கூடாது. பட்டியலிலுள்ள பெயர்களை அன்றி, அடுப்பெரியும் வீடுகளை எண்ண வேண்டும்.

கம்பனிகளின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. வீடுகள் ஐதாக உள்ள இடத்தில் செலவு கூடும். மாதாந்தக் கட்டணம் செலுத்தக்கூடியோர் குறைவு. ஆனால், இவ்விடைவெளியை நிரப்புவதற்கென்றே பொதுமக்களிடமிருந்து பணம் அறவிடப்பட்டதை மறந்துவிட முடியாது. 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு அழைப்புகள் மீது விதிக்கப்பட்ட அறவீட்டின் ஒரு பகுதி, கிராமியத் தொலைத்தொடர்பின் விரிவாக்கத்துக்கானது எனக் கூறப்பட்டது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகளிடமிருந்து வந்த அழைப்புகளின் ஊடாகப் புத்தளத்துக் குடும்பங்களும் அதற்குப் பங்களித்துள்ளன. மேலும், 2023ஆம் ஆண்டில் ரெலிகொம் நிறுவனத்தின் அரச பங்குகளை விற்பதற்கு எடுக்கப்பட்ட முயற்சி, 2024 செப்டெம்பரில் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தின் பின்னர் கைவிடப்பட்டது. தேசிய சொத்து என்று கூறிக் காப்பாற்றப்பட்ட நிறுவனம், தேசத்தின் விளிம்பிலுள்ளோருக்கும் சொத்தாக இருப்பதை நிரூபிக்கும் கடப்பாடு இப்போது அதிகரித்துள்ளது.

அயல்நாட்டு அனுபவமும் எச்சரிக்கை தருகின்றது. இந்தியாவில் இரண்டரை இலட்சம் கிராம பஞ்சாயத்துகளை இணைக்கும் திட்டத்துக்கு 2011ஆம் ஆண்டில் அங்கீகாரம் வழங்கப்பட்டது. பின்னர் பாரத்நெட் எனப் பெயர்பெற்ற அத்திட்டத்தில் பல இடங்களில் இழை பஞ்சாயத்து அலுவலகம் வரை சென்றது; வீடுகளுக்குச் செல்லவில்லை. கேரள அரசு 2023 ஜூனில் ஆரம்பித்த கே-போன் திட்டம் இருபது இலட்சம் வறிய குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என அறிவித்தது. இணைப்புகளோ மந்தகதியிலேயே வழங்கப்பட்டன. பதித்த இழையின் கிலோமீற்றர்களை எண்ணுவதைவிட இணைக்கப்பட்ட வீடுகளை எண்ணுவதே உண்மையான அளவுகோல் என்பதே இவற்றிலிருந்து பெறவேண்டிய பாடமாகும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. புத்தளம் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கியது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல மாவட்டங்களில் ஒருசேர அற்றுப்போயின. கடலை நம்பி வாழும் மக்களுக்கு எச்சரிக்கைச் செய்தி என்பது வசதியன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ஆகவே பாலாவி - கற்பிட்டி வீதியை ஒட்டிய ஒரே இழையை நம்பியிராமல், ஒன்று அறுந்தால் மற்றொன்று தாங்கும் வகையில் களப்பைக் கடந்த மாற்று வழியொன்றும் திட்டமிடப்பட வேண்டும். இழை செல்லமுடியாத பத்தலங்குண்டு போன்ற தீவுகளுக்கு வானொலி அலை இணைப்பையோ, 2025 ஜூலையில் இலங்கையில் ஆரம்பமான ஸ்டார்லிங்க் போன்ற செய்மதிச் சேவையையோ பொதுநிலையமொன்றில் அமைத்துக் கொடுக்கலாம். அதனைத் தனித்தனியே வாங்குமாறு மீனவரிடம் கூறுவது ஏற்புடையதன்று.

இந்நிலையில் அரசாங்கமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் செய்ய வேண்டியவை தெளிவானவை. கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக, எந்த ஊருக்கு எந்த ஆண்டில் இணைப்பு என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். பாடசாலைகள், வைத்தியசாலைகள், மீனவர் சங்கங்கள் என்பவற்றுக்கு முன்னுரிமை அளித்து, அங்கிருந்து வீடுகளுக்கு விரிவுபடுத்த வேண்டும். மின்கம்பங்களையும் நிலக்குழாய்களையும் எல்லா நிறுவனங்களும் நியாயமான கட்டணத்தில் பகிர்ந்துகொள்ள வழிசெய்ய வேண்டும்.

எமது அரசியல் பிரதிநிதிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. வீதி விளக்குக்கும் கொங்கிரீட் பாதைக்கும் குரல் கொடுப்போர் இதனையும் மாவட்ட அபிவிருத்திக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். உடப்பிலுள்ள தமிழ் மாணவியும் கற்பிட்டியிலுள்ள முஸ்லிம் மாணவனும் தலவிலையிலுள்ள கத்தோலிக்க மீனவரும் இவ்விடயத்தில் ஒரே வரிசையில்தான் நிற்கின்றனர். அவர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால், புகையிரதத்துக்கு நேர்ந்தது ஒளியிழைக்கும் நேராமல் தடுக்க முடியும்.