அனுசரணைக் காசில் வளரும் அயலூர்ப் பகை

பெரும்போக அறுவடை முடிந்தால் பரந்தன்–முல்லைத்தீவு வீதி நெடுகப் பதாகைகள் முளைக்கும். உதைபந்தாட்டமோ மென்பந்துக் கிரிக்கெட்டோ, அணி ஒரு மூலையில் நிற்கும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் அனுசரணையாளர் பாதிப் பதாகையில் சிரிப்பார். சிரிக்கட்டும், காசு அவருடையது. அந்தக் காசு முரசுமோட்டையிலும் அயற்கிராமங்களிலும் பார்க்கிற வேலையைத்தான் கண்டிக்கிறோம்.

வெளிநாட்டுப் பணம் வந்ததும் கழகம் பயிற்சியாளரைத் தேடுவதில்லை. பக்கத்துக் கழகத்தின் பந்துக்காப்பாளருக்கு அழைப்பெடுத்து, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறது. பறிகொடுத்த கழகம் சும்மா இருக்குமா? "ஊர் மானம் போகுது அண்ணை" என்று தன் வெளிநாட்டுச் சங்கத்துக்கு வாட்ஸப்பில் குரல்பதிவு அனுப்பும். காசு வரும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் கூலி வீரர்கள் வானில் வந்திறங்குவார்கள். வருடம் முழுக்க ஓடிப் பழகிய ஊர்ப் பொடியன் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தலோடு நிற்பான். இறுதியாட்டம் கைகலப்பில் முடியும். கோல் கம்பத்துக்கு வலை வாங்க மட்டும் ஒருவரிடமும் காசிராது.

தொலைக்காட்சி மல்யுத்தம் பார்த்து வளர்ந்த நிர்வாகிகளுக்கு இதன் முடிவு தெரிந்திருக்க வேண்டும். பிலடெல்பியாவின் சிறிய மல்யுத்த நிறுவனமான ஈசிடபிள்யூ வளர்த்தெடுத்த வீரர்களை, டெட் டேர்னரின் பணபலத்தில் நின்ற டபிள்யூசிடபிள்யூவும் வின்ஸ் மக்மஹனின் டபிள்யூடபிள்யூஎஃபும் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்தன. 2001 ஏப்ரலில் ஈசிடபிள்யூ வங்குரோத்தானது. டபிள்யூசிடபிள்யூ அதற்கும் முந்திவிட்டது: தாய் நிறுவனம் கைமாறி, ஒளிபரப்பு நேரமும் பறிபோக, 2001 மார்ச்சில் மக்மஹனே அதை வாங்கிக்கொண்டார். முடிவை முன்கூட்டியே எழுதிவைத்து மோதும் தொழிலிலேயே இந்தக் கதி. எங்கள் பொடியள் உண்மையாகவே மண்டை உடைக்கிறார்கள்.

காசு காட்டி ஆள் இழுப்பது இந்தப் பருவத்தோடு நிறுத்தப்பட வேண்டும். வந்த காசையும் போன காசையும் கழகங்கள் பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் அணி மாறும் கூலி வீரர்களைச் சுற்றுப்போட்டி ஏற்பாட்டாளர்கள் களமிறக்கக் கூடாது. கண்டாவளைப் பிரதேச செயலகத்தின் விளையாட்டுப் பிரிவு, பரிசளிப்பு மேடையில் பொன்னாடை வாங்குவதோடு நில்லாமல் கணக்கையும் கேட்க வேண்டும். அனுசரணையாளர்களே, அடுத்த குரல்பதிவு வரும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: பதினைந்து வயதுக்குட்பட்ட எத்தனை பிள்ளைகள் உங்கள் கழகத்தில் பயிற்சிக்கு வருகிறார்கள்? பெயர்ப்பட்டியல் வராவிட்டால் காசும் போகக் கூடாது.