வாடும் பூவை வீணாக்கலாமா?

ஆயுத பூஜைக்கு முதல்நாள் செண்டுப்பூவுக்குக் கிடைக்கும் விலை, பண்டிகை கழிந்த மறுநாள் கிடைப்பதில்லை. பறிகூலிக்கும் கட்டாது என்று மூட்டை மூட்டையாகச் சாலையோரம் கொட்டிச் செல்லும் காட்சி பூச்சந்தைகளுக்குப் புதிதன்று. அவ்வாறு கொட்டப்படுவது பூ மட்டுமன்று. அங்கத்தினர்களின் நீரும் உரமும் உழைப்புமாகும். நல்ல விலை கிடைக்கும் நாளில் பூவைப் பச்சையாகவே விற்பதுதான் லாபம். விலைபோகாத பூவையேனும் வீட்டில் உலர்த்திக் காப்பது நம் கடமை என்பதே எமது கருத்து.

முறை எளிது. பனியீரம் நீங்கியபின் பறித்த பூவின் இதழ்களைப் பிரித்து, காற்றோட்டமுள்ள நிழலில் துணியின்மீது மெல்லியதாகப் பரப்பி, நாள்தோறும் கிளறிவிட வேண்டும். கடும் வெயிலில் விரைவில் உலரும். ஆனால் நிறம் வெளுத்துவிடும். கையால் நெருக்கினால் நொறுங்கும் பதம் வந்ததும், காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைத்தல் நலம். 10 கிலோ பூவிலிருந்து ஏறத்தாழ 1 முதல் 1½ கிலோ தேறும். வாடாமல்லியைக் காம்போடு சிறு கட்டுகளாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால், பல மாதங்கள் நிறம் மாறாமல் அலங்காரத்துக்கு உதவும்.

உலர்ந்த செண்டுப்பூவை யார் வாங்குவர் என்று கேட்கலாம். நம் நெசவாளர் சங்கங்களே வாங்கலாம். 1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டபின் தாவரச் சாயங்கள் பின்னடைந்தன; எனினும் அவற்றை விரும்பிக் கேட்போர் இன்றும் உளர். இவ்விதழைக் கொதிக்கவைத்த நீர், படிகாரம் ஏற்றிய பட்டு நூலுக்குப் பொன்மஞ்சள் நிறம் தரும். பருத்தி நூலையோ முதலில் கடுக்காய் நீரிலும் பின்னர் படிகார நீரிலும் தோய்த்தால்தான் சாயம் நன்கு பற்றும். நாளடைவில் வெயிலில் இந்நிறம் மங்கக்கூடும். சிறிதளவு நூலைச் சாயமிட்டுச் சோதித்த பின்னரே நெய்வதும், மங்கும் இயல்பை வாங்குவோரிடம் மறையாது கூறுவதும் நாணயமாகும்.

இங்கேதான் சங்கத்தின் பொறுப்பு தொடங்குகிறது. ஒருவர் கொணர்ந்த ஈரப்பூ மூட்டை முழுவதிலும் பூஞ்சணம் பரவச் செய்துவிடும். ஆகவே ஒவ்வொருவர் சரக்கையும் தனியே சோதித்து, எடை போட்டு, தரத்துக்கேற்ற விலை வழங்குதல் வேண்டும். தலைவரின் உறவினர் சரக்காயினும் ஈரமிருந்தால் திருப்பி அனுப்பும் துணிவு வேண்டும். உண்பதற்கான ஆவாரம்பூ, வேப்பம்பூ முதலியவற்றை அறவே தனியாக வைத்தல் அவசியம். பூச்சிமருந்து தெளித்த பூவையும், நஞ்சாகிய அரளியையும் அவற்றின் அருகேகூட விடலாகாது.

இதற்குப் பெரும் முதல் தேவையில்லை; ஒரு நிழற்கொட்டகையும் தராசும் ஒழுங்கான கணக்கும் போதும். பயிரிடுவோர் சங்கமும் நெசவாளர் சங்கமும் அடுத்த பண்டிகைக்கு முன்னரே கலந்து பேசி, தரத்தையும் விலையையும் முடிவு செய்வார்களாக. பூ சாலையோரம் சேர்ந்தபின் கூடும் கூட்டத்தால் எவருக்கும் பயனில்லை.