சாம்பல் கலந்த சிமெண்டு

சிமெண்டில் சாம்பலைக் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்னும் பேச்சு, வீடு கட்டும் இடமெங்கும் போலவே கோவிலூரிலும் காரைக்குடியிலும் காதில் விழுகிறது. இந்த ஊர்களில் அது எழுவதுதான் நமக்கு வியப்பு. செட்டிநாட்டு வீடுகளின் பெருமை சுண்ணாம்பினால் வந்தது. கடுக்காய் நீரும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்து, தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கிய பூச்சு அது. வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டு மெல்லத்தான் இறுகும். சுட்ட செங்கல்லின் பொடியான சுர்க்கியைச் சேர்த்தாலோ நீருக்குள்ளும் இறுகும். 1895இல் முடிந்த பெரியாறு அணை இவ்விரண்டையும் கொண்டே எழுந்தது. அதன் நீர் சிவகங்கைச் சீமையின் ஒரு பகுதிக்கும் பாய்கிறது.

அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் செய்வதும் சுர்க்கியின் வேலையைத்தான். சிமெண்டு நீருடன் கூடி இறுகும்போது சுண்ணாம்பு மிஞ்சுகிறது. சாம்பலிலுள்ள சிலிக்கா அதனோடு சேர்ந்து புதிய பிணைப்பாகி, நுண்துளைகளை அடைக்கிறது. அமெரிக்காவில் 1953இல் முடிந்த ஹங்ரி ஹார்ஸ் அணையிலேயே இதைப் பெருமளவில் செய்துவிட்டார்கள். இந்தியத் தரக்குறிப்பு 1489, நூற்றுக்கு 15 முதல் 35 வரை சாம்பல் சேர்க்க இடம் தருகிறது. ஆலையில் அளந்து சேர்ப்பது கலப்படமன்று. (கட்டுமிடத்தில் கண்ணளவாகக் கொட்டுவது வேறு கதை, அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை.) எண்ணூரில் சாம்பல் குழம்பு கசிந்து கொசஸ்தலை ஆற்றைக் கெடுத்ததை அறிந்தவர்கள், அந்தச் சாம்பல் சுவருக்குள் அடைபடுவதையே விரும்புவார்கள். ஆயினும் குட்டையில் ஊறிய சாம்பல் சிமெண்டுக்கு அவ்வளவாக ஆகாது. புகைபோக்கிக்குப் போகுமுன் உலர்வாகப் பிடித்த நுண்பொடியே வேண்டும்.

பின் ஏன் விரிசல் என்று கேட்கலாம். இவ்வகைச் சிமெண்டு முதல் சில நாள்களில் வலிமை குறைந்தே இருக்கும். அக்குறை பின்னால்தான் ஈடாகும். அதுவரை ஈரம் காயக் கூடாது. தரக்குறிப்பு 456, வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களில் 14 நாளாவது நனைத்து வைக்கப் பரிந்துரைக்கிறது. நாமோ மூன்றாம் நாளே குழாயை மூடிவிடுகிறோம். தண்ணீர் லாரிக்குக் காசு, கொத்தனாருக்கு அடுத்த வேலை, நமக்குக் கிரகப்பிரவேச நாள். பழி மட்டும் சாம்பலுக்கு!

இச்சிமெண்டை விற்கும் கடைக்காரர் 14 நாள் கணக்கை வாங்குவோரிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். ஒப்பந்தச் சீட்டில் அந்நாள்களின் தண்ணீர்ச் செலவுக்கும் ஒரு வரி இருக்கட்டும்.