முதற் படகு சிறியதாக இருக்கட்டும்

மாடு வாங்கும்போது நாம் கொம்பின் அழகைப் பார்த்து விலை பேசியதில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்தோம். நுகத்திற் பூட்டி இரண்டு சால் உழுது பார்த்தோம். அதன் பின்னரே மடியை அவிழ்த்தோம். காணியை இழந்து, களப்போரத்தில் தங்கி, கடற்றொழிலில் இறங்க நினைக்கும் எம்மவர்கள் படகு வாங்கும்போது மட்டும் இந்த நிதானத்தைக் கைவிடுவது ஏன்?

"பெரிய பைபர் படகு, இயந்திரம், அதற்கொரு கடன்" என்பதே பலரது முதற் கோரிக்கை. இயந்திரமே வேண்டாம் என நாம் கூறவில்லை. ஆனால் மீன் படாத நாளிலும் இயந்திரத்துக்கு எண்ணெய் வேண்டும். தவணையும் தவறாமல் வரும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. துடுப்புக்கும் மரக்கோலுக்கும் அந்தக் கவலை இருக்கவில்லை. ஆகவே தொழில் பழகும் குடும்பத்தின் முதற் படகு, துடுப்பால் செல்லும் சிறு படகாக இருப்பதே நல்லது என்பது எமது கருத்து.

தெப்பத்தை ஏழையின் ஏலாமை என்று எண்ண வேண்டாம். வெளிநாடுகளில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் கடல்மீன் பிடிக்கின்றனர். அதில் ஒரு வகை, மூடிய பெட்டிபோல் அமைந்தது. மேலே அமர்ந்து செல்வார்கள். ஏறும் தண்ணீர் துளைகளால் வடிந்துவிடும். எமது தெப்பத்திலும் தண்ணீர் தேங்குவதில்லை. தத்துவம் ஒன்றே.

ஒவ்வொன்றிலும் குறை உண்டு. ரெஜிபோம் தெப்பம் மலிவு. ஆனால் உதிரும், களப்பையும் அழுக்காக்கும். மர வள்ளம் உறுதியானது. தண்ணீரிலேயே கிடந்தால் புழு அரிக்கும், ஆதலால் கரையேற்றி நிழலில் வைக்க வேண்டும். பைபர் வெடித்தால் பாயும் பிசினும் கொண்டு ஊரிலேயே ஒட்டலாம். வார்ப்புப் பிளாஸ்டிக்கில் அந்தப் பிசின் சரியாகப் பிடிக்காது.

பழைய படகு வாங்குவோர் வெயில் வேளையிற் போய்ப் பாருங்கள். புதுப் பூச்சை நம்பாதீர்கள். விரலால் தட்டுங்கள், ஓரிடத்தில் மட்டும் பொத்தலான ஓசை கேட்டால் உள்ளே பிரிந்திருக்கலாம். மரமாயின் கத்திமுனையால் குத்திப் பாருங்கள். இரும்பு ஆணி உப்புத் தண்ணீருக்கு நில்லாது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டத்தின் கீழான பதிவுப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பின்னர் இடுப்பளவு தண்ணீரில் இறக்குங்கள். ஆளோடு நனைந்த வலையின் பாரத்தையும் ஏற்றுங்கள். அகலம் கூடினால் ஆட்டம் குறையும், வேகமும் குறையும். பழகுவோருக்கு ஆட்டம் குறைவதே முக்கியம். படகைத் தண்ணீரால் நிரப்பிப் பாருங்கள்: தாழ்கிறதா, மிதக்கிறதா? கவிழ்த்துவிட்டு, தனியே நிமிர்த்தி ஏறிப் பாருங்கள். ஏற முடியாவிட்டால் அது உங்களுக்குரிய படகு அன்று, இனாமாகக் கிடைத்தாலும் சரியே. மிஞ்சும் பணத்தில் முதலில் உயிர்காப்பு அங்கி வாங்குங்கள். எம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது. வாடைக் காற்றுக் காலத்தில் களப்பை விட்டு வெளியே போக வேண்டாம்.

உதவி வழங்குவோருக்கும் ஒரு வார்த்தை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரைகளில் வந்து குவிந்த படகுகளிற் சில, கடலுக்கே உதவாதவையாக இருந்தன. படகைப் பார்த்துத் தெரியும் உரிமையைத் துடுப்புப் பிடிப்பவனிடமே விடுங்கள்.

களப்பிலே ஏற்கெனவே வலை போடும் குடும்பங்கள் உண்டு. அவர்களது சங்கத்திடம் கேட்டு, அவர்களது எல்லையை மதித்து இறங்குவோம். படகு பார்க்கப் போகும்போது அவர்களில் மூத்த ஒருவரையும் அழைத்துச் செல்வோம். காணி திரும்பக் கிடைக்கும் நாளில், தீராத படகுக் கடனோடு நாம் அங்கே போய் நிற்கக் கூடாது.