ஹீற்றரைக் கழட்டுகிற உரிமை

பழைய கார் என்றால் எங்கட ஆக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கலியாணக் கார்தான். மாலை, மினுக்கம், நாலு படம். நாங்கள் பேசப்போவது அந்த மினுக்கத்தைப் பற்றி அல்ல. டாஷ்போட்டுக்குக் கீழே கிடக்கிற ஹீற்றரைப் பற்றி. சிரிக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய சாமான் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது.

மொரிஸ் மைனரை எடுப்போம். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அந்தக் குளிர் நாட்டிலேயே ஆரம்பத்தில் ஹீற்றருக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். அது வேலை செய்கிற விதம் லேசானது. எஞ்சினில் சூடான தண்ணீர் ஒரு குழாயால் வந்து, பெட்டிக்குள் இருக்கும் குட்டி ரேடியேற்றருக்குள் ஓடி, மற்றக் குழாயால் திரும்பிப் போகும். சின்ன விசிறி ஒன்று அந்தச் சூட்டை ஆட்களுக்கும் முன்கண்ணாடிக்கும் ஊதும். குளிர்காலத்தில் அது இல்லாட்டி கண்ணாடி புகார் பிடித்து றோட்டே தெரியாது.

அது பழுதானால்? எஞ்சினை ஆறவிட்டு, பற்றரி வயரைக் கழட்டி, ரேடியேற்றர் தண்ணீரை ஒரு பேசினில் இறக்க வேண்டும். உறைதடுப்புத் திரவம் கலந்த தண்ணீர் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. நாய் பூனை நக்க விடக்கூடாது. பிறகு இரண்டு குழாய், விசிறி வயர், சில நட்டுகள். பெட்டி கையோடு வந்துவிடும். அடைப்பென்றால் தண்ணீரை எதிர்ப்பக்கமாக அடித்துக் கழுவலாம். ஒழுக்கென்றால் ஒரு வாயை அடைத்து, தண்ணீருக்குள் அமுக்கி, மற்ற வாயால் காற்று விட வேண்டும். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. செம்பும் பித்தளையும் என்பதால் ஈயம் வைத்து ஒட்டலாம்.

இண்டைக்கு வருகிற பல கார்களில் இதே வேலைக்கு டாஷ்போட் முழுவதையும் கழட்ட வேண்டும். ஏசி வாயுவை இறக்க வேண்டும், எயார்பாக்கைத் தொட வேண்டும். கடைசியில் வெளியே வருவது அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்த ஒன்று. ஈயம் பிடிக்காது. தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுவதுதான் வழி. சாமானின் விலையைவிடக் கூலி கூட.

எங்கட வெயிலுக்கு ஹீற்றர் என்னத்துக்கு என்று கேட்கலாம். இந்த நாட்டில் பலர் அதைக் கழட்டியே விட்டார்கள். ஆனால் சும்மா கழட்ட முடியாது. சிலிண்டர் ஹெட்டில் தண்ணீர் வெளியேறுகிற வாயைத் தகடு வைத்து அடைக்கத் தெரிய வேண்டும். அதுவும் ஒரு அறிவுதான். விட்டு வைத்தவர்களுக்கும் பலன் உண்டு: ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தால் ஹீற்றரை முழுதாகத் திறந்துவிடுவார்கள், அது இரண்டாவது ரேடியேற்றராக வேலை செய்யும். வியர்த்து ஒழுகும்தான். எஞ்சின் தப்பும்.

இப்படித் திறந்து பார்க்கக் கூடியதாக இருந்தபடியால்தான் 90களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அதே காலத்தில் தெற்கே தொடந்துவையில் மொரிஸ் மைனருக்குப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள்.

பழைய காரில் குறை இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. புகை கூட, எயார்பாக் கிடையாது, விபத்தில் புதிய கார்தான் உயிரைக் காக்கும். 1948க்குத் திரும்பச் சொல்லவும் இல்லை. பாதுகாப்பான காரைக் கழட்டிப் பூட்டக் கூடியதாகவும் செய்யுங்கள் என்பதுதான் கேட்பது. இது நடவாத கதையும் இல்லை. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில், கார் பழுதுபார்க்கத் தேவையான தகவல்களை வெளிக் கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று 2012இலேயே சட்டம் வந்தது. 2020இல் மக்கள் வாக்களித்து அதை இன்னும் விரிவாக்கினார்கள்.

இங்கே 2020இல் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருசமும் நாட்டை ஓட்டியது கராஜ்கள். அப்படியிருந்தும் இப்போது எல்லாரும் கேட்பது வரி எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்றுதான். பழுதானால் எங்கட ஊர்க் கராஜில் திறக்கலாமா என்று கேட்பார் இல்லை.

அந்தக் கேள்வியை இனிக் கார் விற்பவரிடமும் கேட்போம், சட்டம் செய்பவரிடமும் கேட்போம். கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஈயம் வைத்து ஒட்டத் தெரிந்த ஐயாமார் இருக்கும்போதே, அவர்கள் சொல்கிறதைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஸ்பனர் பிடிக்கத் தெரியாட்டியும் பேனை பிடிக்கத் தெரியும்தானே.