ஞாயிற்றுக்கிழமை வாத்தியார்

ஆண்பிள்ளைகளில் சிலர் இருக்கிறார்கள். ஒரு ஜோடிச் செருப்பு வாங்குவதற்கு மூன்று நாள் மனைவியோடு கலந்து ஆலோசிப்பார்கள். ஆனால் உத்தியோகத்தை விடுவதென்றால் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு காபி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே விஷயத்தை வெளியிடுவார்கள்.

அந்த ரகத்தைச் சேர்ந்த ஒருவர்தான் ஜிம்மி கார்ட்டர். 1977 முதல் 1981 வரை அமெரிக்காவின் ஜனாதிபதி; 2024 டிசம்பர் 29-ந் தேதி நூறாவது வயதில் காலமானவர். அவருடைய ராஜாங்க விவகாரங்களைப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிட்டன. நான் சொல்ல நினைப்பது அவருடைய வீட்டையும் கோயிலையும் பற்றி.

1953-ல் தகப்பனார் புற்றுநோயில் இறந்தபோது கார்ட்டர் கடற்படையில் அதிகாரி. உத்தியோகத்தை உதறிவிட்டு, ஜார்ஜியா மாகாணத்துப் பிளெயின்ஸ் கிராமத்தில் நிலத்தைப் பார்ப்பதென்று தாமாகவே தீர்மானித்துவிட்டார். மனைவி ரோஸலினுக்கு வந்த கோபத்தைக் கேட்பானேன்! ஊர் வந்து சேரும் வரையில் காரில் புருஷனோடு முகங்கொடுத்துப் பேசவில்லையாம். வழியில் எங்கேனும் வண்டி நிற்கவேண்டுமென்றால், அப்பாவிடம் சொல்லும்படி மூத்த பையனிடம் சொல்வாராம். கடல் கடந்த தேசத்திலும் இந்தத் தந்தி முறை ஒன்றுதான் போலிருக்கிறது.

ஊரில் முதலில் குடியிருந்தது, ஏழைகளுக்காகச் சர்க்கார் கட்டிய வீட்டில். மறு வருஷமே மழை பொய்த்தது. விதைக் கடலையும் உரமும் விற்கும் கிடங்கில் கார்ட்டர் மாடாய் உழைத்தார். ரோஸலின் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். கொஞ்ச காலத்தில், எந்தச் சரக்கில் லாபம், எதில் நஷ்டம் என்று ஐயாவைவிட அம்மாளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகாவது மனிதர் திருந்தினாரா? இல்லை! 1962 அக்டோபர் 1-ந் தேதி, அவருடைய பிறந்த நாள். காலையில் வேலை உடுப்பைப் போடாமல் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டார். யாருக்காவது சாவா என்று ரோஸலின் விசாரித்தார். அப்போதுதான், மாகாண செனட் சபைக்குத் தேர்தலில் நிற்கப் போகும் செய்தி வெளியாயிற்று. மனைவியைக் கேட்காமல் அப்படிச் செய்ததைப் பிற்காலத்தில் தம்மாலேயே நம்ப முடியவில்லை என்று கார்ட்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இனிக் கோயிலுக்கு வருவோம். பாப்டிஸ்ட் சபையில் பிறந்து வளர்ந்தவர். இளவயதிலிருந்தே ஞாயிறு பள்ளியில் வேதபாடம் நடத்தியவர். 1965-ல் பிளெயின்ஸ் சபையில், நீக்ரோ மக்களை ஆராதனைக்குள் விடக்கூடாது என்று ஒரு தீர்மானம் வந்தது. கார்ட்டர் எழுந்து எதிர்த்துப் பேசினார். ஆதரவாக 54 ஓட்டு, எதிராக 6. அந்த ஆறில் ஒன்றைத் தவிர மற்றவை கார்ட்டர் குடும்பத்து ஓட்டுகள்! மற்றவர்களில் பலர் வாயே திறக்கவில்லை. அவர்கள் அனைவரும் அவரிடம் விதை வாங்கும் அண்டை அயலார் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். (தாயார் லில்லியன் அம்மாளும் சளைத்தவர் அல்ல. அடுத்த வருஷம் 68-வது வயதில் நம் தேசத்துக்கு வந்து, பம்பாய்க்கு அருகே விக்ரோலியில் நோயாளிகளுக்குத் தாதி வேலை செய்தார்.)

அந்தச் சண்டை 1976-ல் மறுபடி மூண்டு சபை இரண்டாகப் பிளந்தது. பிரிந்தவர்கள் 1977-ல் மரனாதா என்ற சிறு சபையைத் தொடங்கினார்கள். தேர்தலில் தோற்று 1981-ல் ஊர் திரும்பிய கார்ட்டர் தம்பதி அதில் சேர்ந்தார்கள். வியாபாரம் பத்து லட்சம் டாலர் கடனில் கிடந்தது. அதை விற்றுக் கடனை அடைத்தார். புத்தகங்கள் எழுதினார். ஏழைகளுக்கு வீடு கட்டச் சுத்தியல் பிடித்தார். கோயில் புல்லை அவர் வெட்டுவார். ரோஸலின் கோயிலைப் பெருக்கித் துடைப்பார்! ஆயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரில், அவர் பாடம் கேட்க விடியுமுன்பே வெளியூர் ஜனங்கள் காத்து நின்றார்கள்.

1987-ல் தம்பதி சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். அதனால் விவாகமே முறிந்துவிடும் போலாகிவிட்டது. ஒத்துப்போகாத பத்திகளை அவரவர் பெயரின் முதலெழுத்தோடு தனித்தனியே அச்சிட்டுத் தப்பித்தார்கள்!

2000-ல் நடந்ததுதான் எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது. தெற்கத்திப் பாப்டிஸ்ட் மாநாடு என்பது அவர் பிறந்து வளர்ந்த பெரிய அமைப்பு. மனைவி கணவனுக்கு அடங்கி நடக்கவேண்டும் என்று 1998-ல் அது எழுதி வைத்தது. பெண்கள் போதகராகக்கூடாது என்று 2000-ல் சேர்த்தது. எழுபத்தாறு வயதுக் கார்ட்டர் அந்த அமைப்பை விட்டு விலகினார். மரனாதாவை விடவில்லை, அங்கே ரோஸலினும் டீக்கன் பதவி வகித்தார். அன்று காரில் வாய் திறக்காமல் வந்த பெண்பிள்ளையை அவர் மறக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இரவில் இருவருமாக ஸ்பானிய மொழியில் வேதம் வாசித்துவிட்டுத்தான் படுப்பார்கள். 2019-ல், 95-வது வயதில், வீட்டில் விழுந்து நெற்றியில் 14 தையல். அன்றே நாஷ்வில் நகரத்துக்கு வீடு கட்டும் வேலைக்குப் போய்விட்டார்! அன்று அம்மாளைக் கேட்டுக்கொண்டு போனாரோ என்னவோ.

77 வருஷ தாம்பத்தியம். 2023 நவம்பரில் ரோஸலின் முந்திக்கொண்டார். அடக்க ஆராதனை மரனாதாவில் நடந்தது. சக்கர நாற்காலியில், போர்வை போர்த்தி, அவர் இருந்தார். 2025 ஜனவரி 9-ந் தேதி, வாஷிங்டன் மரியாதைகள் முடிந்து, அவரையும் அதே கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். பிரசங்க மேடைக்குப் பின்னால் அவர் கையால் இழைத்துச் செய்த மரச் சிலுவை இருந்தது. பிறகு, 1961-ல் கட்டிய தங்கள் வீட்டுக்கு எடுத்துப் போய், அம்மாள் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.